முன் சீட்டுக்காகத் தூக்கிய கை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் மூட்டுவலியில் போய் நிற்கும், இல்லாவிட்டால் பழைய லீவு நாட்களில். மூட்டுவலியைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. லீவைப் பற்றி ஒன்று இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் அந்தக் காலத்துப் பிள்ளைகள்தானே, உங்களுக்குப் புரியும் என்று நினைத்துச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அண்ணாவுக்குப் பதினொன்று. மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டுக்குப் பின்னால், ஒரு சுக்கு மிளகுக் கிடங்கின் மாடியில் எங்கள் வீடு. கீழே மூட்டை பிரித்தால் மேலே நாங்கள் தும்முவோம். அப்பா அந்தக் கிடங்கில் மேற்பார்வை. மூட்டைகளுக்கு அடையாளம் போடுவது, எடை பார்ப்பது, படகில் ஏற்றிவிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அப்பா கொச்சியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் பாதி மலையாளம் கிடக்கும். அம்மா தஞ்சாவூர் ஜில்லாக்காரி. கல்யாணமாகி வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் சாயா என்று சொல்ல மாட்டாள், டீ என்றுதான் சொல்வாள்.

அந்த வருஷம் பரீட்சை முடிந்த அன்று அண்ணா சட்டை கிழிந்து வந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அவனைப் 'பாண்டி' என்று கூப்பிட்டிருக்கிறான். தமிழர்களை அப்படிக் கூப்பிடுவது அங்கே வழக்கம்தான். கூப்பிடுகிற விதத்தைப் பொறுத்து அது ஊர்ப் பெயராகவும் இருக்கும், வசவாகவும் இருக்கும். அண்ணா அடித்துவிட்டான், திருப்பி வாங்கியும் விட்டான்.

அம்மா திட்டத் தொடங்கினாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாண்டின்னா யாருன்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியாது."

"தெரியாமலா அடிச்சே?"

அண்ணா கிழிந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அப்பா ஜன்னல் வழியாகக் காயலைப் பார்த்தார். பிறகு, "சொல்லிக் குடுக்க எனக்கும் வராது. போய்க் காட்டிடறேன். ராஜராஜன் கட்டின கோயிலைக் காட்டறேன். அது மதி, அது போதும்" என்றார்.

அப்பா சொல்வதெல்லாம் நடப்பதில்லை. இது நடந்தது. முதலாளியிடம் பழைய கறுப்பு அம்பாஸடர் ஒன்று இருந்தது. மே மாதம் அவர் குடும்பத்தோடு வடக்கே போய்விடுவார், கார் சும்மாதான் நிற்கும். அப்பா எப்படிக் கேட்டார் என்று தெரியாது. ஒரு வாரத்துக்குக் காரும், அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் சேட்டன் என்று கூப்பிட்ட அதன் டிரைவரும் கிடைத்தார்கள்.

அன்றிலிருந்து மூன்று வாரம் எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. உண்மையைச் சொன்னால், பயணத்தைவிட அந்த மூன்று வாரம்தான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது. அப்பா கிடங்கிலிருந்து பழுப்புக் காகிதம் ஒரு சுருள் கொண்டுவந்தார். மூட்டைக்கு அடையாளம் போடுகிற மையும் பிரஷும் கொண்டுவந்தார். கூடத்தில் காகிதத்தை விரித்து, நாலு மூலையிலும் நாலு எடைக்கல்லை வைத்து, முழங்காலிட்டு வரைவார். இடது ஓரத்தில் மட்டாஞ்சேரி. தோப்பும்படி பாலம். ஆலுவா, திருச்சூர், பாலக்காடு. அங்கே மலைக்கு ஒரு கூம்பு. பிறகு கோயம்புத்தூர், கரூர், திருச்சி, தஞ்சாவூர், கங்கைகொண்டசோழபுரம். ஒவ்வோர் ஊருக்கும் மிளகு அளவில் ஒரு புள்ளி. காகிதத்திலிருந்தும் மிளகு வாசனை வரும்.

அண்ணா பள்ளிக்கூட அட்லஸையும் அடிக்கோலையும் வைத்துக்கொண்டு தூரம் கணக்கிடுவான். எனக்குக் கொடுத்த வேலை, எடுத்துப்போக வேண்டிய சாமான்களை எழுதுவது. மலையாளத்தில்தான் எழுதினேன். தமிழ் எழுத்தை அம்மா வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆனாலும் எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வரும். கூஜா, போர்வை, எலுமிச்சங்காய், டார்ச், தயிர் சாதத்துக்குத் தூக்கு, வாந்திக்கு இஞ்சி மரப்பா. அண்ணா 'கத்தி' என்று சேர்க்கச் சொன்னான். எதற்கு என்றால், "கோட்டைக்குப் போறோம்ல" என்றான்.

ஒரே சண்டை முன் சீட்டுக்குத்தான். அம்பாஸடரின் முன் சீட் ஒரே பலகை மாதிரி நீளமாக இருக்குமே. டிரைவர், அப்பா, ஜன்னலோரம் ஒரு பிள்ளை. அந்த ஒரு பிள்ளை யார்? அண்ணா மூத்தவன், அவன்தான் என்று முடிவாயிற்று. நான் இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை.

இந்த ஏற்பாட்டில் எதிலும் சேராதவள் அம்மா மட்டும்தான். சமையலறை வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள். ஏதாவது கேட்டால், "நீங்களே பாத்துச் செய்யுங்க" என்பாள்.

ஒருநாள் சாயங்காலம் அப்பா காகிதத்தில் புதிதாக ஒரு கோடு போட்டார். தஞ்சாவூரிலிருந்து கிழக்கே, கடல் வரைக்கும்.

"இது எங்கே?" என்றான் அண்ணா.

"தரங்கம்பாடி. டேனிஷ்காரன் கட்டின கோட்டை இருக்கு."

"நம்ம ஊருலேயே டச்சுக் கொட்டாரம்னு ஒரு அரண்மனை இருக்கே. வெள்ளைக்காரன் கட்டினதைப் பாக்கவா அவ்வளவு தூரம் போறோம்?"

"டச்சுக்காரன் வேற, டேனிஷ்காரன் வேற" என்று அப்பா சொன்னார். சொல்லிக்கொண்டே மெதுவாகப் புள்ளிகளை வைத்தார். கும்பகோணம். ஆடுதுறை. மாயவரம். ஆடுதுறையில் பிரஷைத் தூக்கிப் பிடித்தபடி, "ஆடுதுறை வழியாத்தான் ரோடு" என்றார். எங்களுக்குச் சொல்வதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை.

அம்மாவின் கத்தி நின்றது. "அந்த வழியா எந்தக் கிழமை போறோம்?" என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை. பத்து மணிக்குள்ள தாண்டிடுவோம்."

"சரி" என்றாள். மறுபடி பீன்ஸ்.

அப்பா இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு பிரஷை மைக்குப்பியில் போட்டுவிட்டு எழுந்தார். "உங்கம்மாவுக்கு இதுல எல்லாம் மனசே இல்லடா" என்று அண்ணாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. நாங்கள் நம்பினோம். அம்மாவுக்குக் கோயிலும் கோட்டையும் ஒன்றுதான், அவளை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்று நாங்களும் நினைத்தோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இது எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். அம்மா பிறந்த ஊர் ஆடுதுறைக்குத் தெற்கே மூன்று மைல். அவளுடைய அப்பா அங்கே தனியாக இருந்தார். என் அப்பா தலைதீபாவளிக்கு அங்கே போனபோது, தாத்தா யாரோ ஒரு சொந்தக்காரரிடம், "மாப்பிள்ளை மலையாளத்துல மூட்டை எண்ணுறாரு" என்று சொல்லிச் சிரித்துவிட்டாராம். அப்பா பின்னாலேயே நின்றிருக்கிறார். கொடுத்த புது வேட்டியை மடித்து வைத்துவிட்டு, இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று கிளம்பி வந்துவிட்டார். அம்மாவைப் போக வேண்டாம் என்று அவர் ஒருநாளும் தடுக்கவில்லை. அவர் வராத வீட்டுக்குத் தான் மட்டும் எப்படிப் போவது என்று அம்மா போகவில்லை. பொங்கலுக்கு ஒரு கடிதம் வரும். எனக்குத் தாத்தா என்றால், அந்த இன்லண்டில் வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிற கையெழுத்துதான்.

மறுநாள் மத்தியானம் அப்பா கிடங்கில் இருந்தார். அண்ணா படகுத்துறைப் பக்கம் விளையாடப் போயிருந்தான். அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். கையில் நீல இன்லண்ட் கடிதம், எழுதி முடித்தது.

"இதைப் படி பாப்போம்" என்றாள்.

நான் கூட்டிக் கூட்டிப் படித்தேன். வி-யா-ழ-க்-கி-ழ-மை என்பதற்கு நாலு முறை தடுக்கினேன். அவள் பொறுமையாக இருந்தாள். 'அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் எங்கள் கார் ஆடுதுறைக் கைகாட்டியைத் தாண்டும். கறுப்புக் கார். கேரளா நம்பர். நீங்கள் அங்கே தற்செயலாக நிற்பது போல நின்றால் நான் வண்டியை நிறுத்தச் சொல்கிறேன். இவர் நல்லவர். நேரில் கண்டால் முகம் திருப்ப மாட்டார். பிள்ளைகளையும் பார்க்கலாம்.' கடைசி வரிவரைக்கும் படித்துவிட்டேன். என் வாழ்க்கையில் முழுசாகப் படித்த முதல் தமிழ் அதுதான்.

அம்மாவின் முகம் அன்று இருந்ததை இன்னும் பார்க்கிறேன். "என் பொண்ணு தமிழ் படிச்சுட்டா" என்று என் கன்னத்தை வழித்துச் சொடுக்கினாள். கடிதத்தை ஒட்டிக் கொடுத்து, "போஸ்ட் ஆபீஸ் பெட்டியிலே போட்டுட்டு வா. இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றாள். நான் ஓடிப்போய்ப் போட்டேன். பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றேன். அவ்வளவு ஒழுங்காகச் செய்தேன்.

திங்கட்கிழமை விடியலில் கிளம்பினோம். தோப்பும்படி பாலம் தாண்டும்போது மீன்பிடித் துறையின் வாடை காருக்குள் வந்தது. டிரைவர் சேட்டன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். குதிரான் மலை ஏற்றத்தில் எனக்கு வாந்தி வந்தது. சேட்டன் வண்டியை நிறுத்தி, "எந்தா மோளே, பேடிச்சோ?" என்று சிரித்தார். பயமில்லை, பின் சீட்டில் பெட்ரோல் நாற்றம். முன்னால் அண்ணா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

திருச்சியில் மலைக்கோட்டை ஏறினோம். புதன்கிழமை தஞ்சாவூர்.

பெரிய கோயிலில் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றுவிட்டார். கல் கொதித்தது, கால் மாற்றி மாற்றி வைத்து நின்றோம். அவர் மட்டும் அசையாமல் நிமிர்ந்து பார்த்தபடி நின்றார். பிறகு அண்ணாவின் கையைப் பிடித்து, அடித்தளத்தில் செதுக்கியிருந்த எழுத்தின் மேல் வைத்தார். "தொட்டுப் பாரு. தமிழ். இதை எழுதினவங்கதான்டா பாண்டியும் சோழனும். இனிமே யாராவது கூப்பிட்டா, ஆமாம்னு சொல்லு" என்றார். அண்ணா அந்தக் கல்லைத் தடவிக்கொண்டே போனான். அவன் அப்படி அடங்கி நடந்து நான் பார்த்ததில்லை.

வெயில் தாழ்ந்ததும் புல்தரையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த யாரோ, கீழவாசலில் பெரிய பீரங்கி இருப்பதாக, அந்தக் காலத்து இரும்பு, ஆள் உள்ளே நுழையலாம் என்று அண்ணாவிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். நாளைக் காலை பீரங்கியும் அரண்மனையும் பார்க்க வேண்டும்.

"நாளைக்கு விடிஞ்சதும் கிளம்பினாத்தான் தரங்கம்பாடி" என்றார் அப்பா.

"நாளைக்கு இங்கே பாத்துட்டு, நேரா கங்கைகொண்டசோழபுரம் போலாம். வெள்ளிக்கிழமை தரங்கம்பாடி. சனிக்கிழமை கும்பகோணம் வழியாத் திரும்பிடலாம். தூரம் ஒண்ணுதான், நான் பாத்துட்டேன்." அடிக்கோல் அவன் பையிலேயே இருந்தது.

அப்பா யோசித்தார். அன்றைக்கு அவர் சந்தோஷத்தில் இருந்தார், யார் என்ன கேட்டாலும் கொடுத்திருப்பார். "சரி. ஓட்டுப் போடுவோம். நான் நடுவர், எனக்கு ஓட்டு இல்லை" என்றார்.

"போட்ட திட்டப்படியே போகலாமே" என்றாள் அம்மா.

அப்பா திரும்பிப் பார்த்தார். அந்த மூன்று வாரத்தில் அவள் சொன்ன முதல் அபிப்பிராயம் அது. "ஏன், உனக்கு எங்கே போனாலும் ஒண்ணுதானே?" என்று சிரித்தார். கேலி இல்லை, காரணம் கேட்கிற சிரிப்பு. அவள் தலையைக் குனிந்து புல்லைக் கிள்ளினாள். "இல்லே... சொன்னேன்."

"அண்ணன் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். நீ சொல்லு" என்று அப்பா என்னைப் பார்த்தார்.

அம்மாவும் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. நான் அந்தக் கடிதத்தைப் படித்தவள் என்பது எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அண்ணா என் காதருகே வந்து, "முன் சீட்டு உனக்கு. நாளையிலேர்ந்து வீடு வரைக்கும்" என்றான்.

வியாழக்கிழமை எனக்கு மறந்துவிட்டது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. வியாழக்கிழமை இல்லாவிட்டால் சனிக்கிழமை, அந்தக் கைகாட்டி எங்கே போகப் போகிறது, தாத்தா அங்கேயேதானே இருக்கிறார், இன்னொரு நாள் நிற்பார் என்று தோன்றியது. நான் பார்த்தேயிராத மனுஷர். கடிதத்தில் இருக்கிற எழுத்து மாதிரி அவரும் எப்போது பிரித்தாலும் இருப்பார் என்று நினைத்தேன் போலிருக்கிறது. கையைத் தூக்கினேன். அண்ணா பக்கம்.

"ஜனநாயகம்" என்று அப்பா எழுந்து வேட்டியைத் தட்டினார்.

அம்மா என்னைத் திட்டவில்லை, முறைக்கவில்லை. அன்று சாயங்காலம் எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். கை எப்போதும் போலத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை பீரங்கி மேட்டில் ஏறினோம். அண்ணா அதன் வாய்க்குள் தலையை விட்டுக் கத்தினான். அம்மா கொஞ்சம் தள்ளி ஒரு சுவர் நிழலில் நின்றாள். டிரைவர் சேட்டனிடம் மணி கேட்டாள். ஒன்பதரை என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். மூன்றாவது முறை கேட்டபோது அவர் தன் கைக்கடிகாரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டார். "சேச்சி, கையில வச்சோளு." அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் இரும்பின் சூட்டில் கையை வைத்துச் சுட்டுக்கொண்டு அழுதேன். அவள் ஓடிவந்து ஊதிவிட்டாள்.

கங்கைகொண்டசோழபுரத்தில் சிங்க வாய்க்குள் படியிறங்குகிற கிணறு பார்த்தோம். தரங்கம்பாடியில் கோட்டைச் சுவரில் அலை தெறிப்பதைப் பார்த்தோம். நான் முன் சீட்டில் இருந்தேன். என்னை நானே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதிர்க்காற்றில் கண்ணில் நீர் வர, வருகிற மைல்கல்லை எல்லாம் முதலில் நான் படித்துச் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஆடுதுறை வந்தது. கைகாட்டி தெரிந்ததும் பின்னாலிருந்து அம்மா, "தாகமா இருக்கு, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். அப்பா உடனே, "நிறுத்து, நிறுத்து" என்றார். சேட்டன் புளியமரத்தடியில் நிறுத்தி, இருக்கிற நேரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று பானட்டைத் திறந்தார். அப்பாவும் இறங்கி அவரோடு நின்றார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனாள். கடைக்காரர் காரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"கேரளா வண்டியா? கொச்சியிலேர்ந்தா?"

அம்மா தலையசைத்தாள்.

"உங்கப்பா வியாழக்கெழமை விடியக்காலையிலேயே வந்து அந்தப் பெஞ்சுல உக்காந்துட்டாரும்மா. கறுப்பு வண்டி எது வந்தாலும் எந்திரிச்சு நிப்பாரு. கடைசி பஸ் போறவரைக்கும் இருந்தாரு. நேத்தும் வந்தாரு. வெயில்ல இருக்காதீங்கன்னேன், கேக்கலை. தேதியைத் தப்பாப் படிச்சிருப்பேனோன்னு கடுதாசியை எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டாரு. என்னையும் படிக்கச் சொன்னாரு. வியாழக்கெழமைன்னுதான் போட்டிருந்துச்சு."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு வரலை. நேத்துப் போறப்போ இதைக் குடுத்துட்டுப் போனாரு." ஒரு மஞ்சள் துணிப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "வண்டி வந்தா, நான் வந்து நின்னேன்னு மட்டும் சொல்லு, வீட்டுக்கு வரச் சொன்னேன்னு சொல்லிடாதே, அவங்களுக்குள்ள சங்கடம் வந்துடும்னாரு."

பையில் வெள்ளரிப் பிஞ்சு, இரண்டு நாள் வெயிலில் வதங்கிச் சுருங்கியிருந்தது. அண்ணாவுக்கு ஒரு பம்பரம். எனக்குச் சொப்புச் சாமான், சிவப்பும் மஞ்சளுமாக அரக்குப் பூசிய மரச் சொப்பு.

அம்மா தெற்கே போகிற மண்ரோட்டைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல், தூரத்தில் தென்னைகள். மூன்று மைல். அவள் கண் கலங்கவில்லை, உதட்டை மட்டும் உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். டீ வாங்கினாள், குடிக்கவில்லை. காருக்கு வந்தாள்.

அப்பா தண்ணீர்க் குவளையோடு நின்றுகொண்டிருந்தார். "என்ன?" என்று கேட்டார்.

"பிள்ளைங்களுக்குச் சொப்பு. போகலாம்" என்றாள் அம்மா.

"போகலாமா?"

"போகலாம்."

அப்பா குவளையில் இருந்த தண்ணீரைக் கீழே கொட்டினார். பிறகு பானட்டை அவரே மூடினார், கொஞ்சம் பலமாக. நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கும்பகோணம் வரைக்கும் ஒரு மைல்கல்லையும் படிக்கவில்லை.

ஆடி மாதம் தந்தி வந்தது. எங்கள் ஊரில் மழை விடாமல் பெய்கிற நாட்கள். அப்பா தந்தியைப் படித்துவிட்டு, அம்மாவிடம் கொடுக்காமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எங்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் போனார்கள். மிதிப்பதில்லை என்று சொன்ன வாசலில் அப்பா பதினாறு நாள் இருந்தார். காரியம் எல்லாம் அவர்தான் முன்னின்று செய்தாராம்.

திரும்பி வந்த மறுநாள். கூடத்தில் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. நான் துணிகளுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பேசியது கேட்டது.

"டீக்கடைக்காரர் வந்திருந்தார் காரியத்துக்கு. உன் கடிதாசைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு நாள் ரோட்டுல நின்னாராமே."

அம்மா துணியை உதறுகிற சத்தம் கேட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஒத்துப்பீங்களோ மாட்டீங்களோன்னு இருந்துச்சு."

"தரங்கம்பாடியில எனக்கு என்ன இருக்கு?" அப்பாவின் குரல் உயர்ந்தது. "அந்த ரோட்டுக்காகத்தான் அதைச் சேர்த்தேன். போலாமான்னு நீ கேப்பேன்னு பாத்தேன். நானா எப்படிச் சொல்றது, வர மாட்டேன்னு சொல்லிட்டு வந்தவன்? அதான் உனக்குக் கேக்கட்டும்னு ஆடுதுறைன்னு சத்தமாச் சொன்னேன். பிள்ளைங்க நாளை மாத்தினப்போகூட, சனிக்கிழமையும் அதே ரோடுதானேன்னு விட்டேன். நீ வண்டியை நிறுத்தச் சொன்னே. இப்போ கேப்பே, இப்போ கேப்பேன்னு தண்ணிக் குவளையைப் பிடிச்சுட்டு நின்னேன். போகலாம்னுட்டே."

"நான் தற்செயல்னு நினைச்சேன்" என்றாள் அம்மா. "வழியில வருது, அதனால போறோம்னு."

பிறகு அப்பா துணியை ஒதுக்கினார், என்னைப் பார்த்தார்.

"அந்தக் கடிதாசை நீதானே கொண்டுபோய்ப் போட்டே? எந்தக் கிழமை வரச் சொல்லியிருந்ததுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அம்மா அப்பாவுக்குப் பின்னால் நின்றாள். என்னை நேராகப் பார்த்தாள். கன்னத்தை வழித்துச் சொடுக்கியவள்தான். "அவளை ஏன் கேக்கறீங்க? அவளுக்குத் தமிழ் எங்கே படிக்கத் தெரியும்? பெட்டியில போடுன்னேன், போட்டா" என்றாள்.

அப்பா நம்பினார். அதற்குப் பிறகு அம்மா எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க உட்காரவில்லை. கோபம் இல்லை என்று நினைக்கிறேன். என் பொய் பிடிபடாமல் இருக்கட்டும் என்று இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும், நான் அவளிடம் கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகும் நாற்பது வருஷம் அவள் இருந்தாள். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு முதலில் கல்யாணம், பிறகு பிள்ளைகள், பிறகு அவளுடைய ஞாபக மறதி. சொல்வதற்கு ஒரு சாயங்காலம் போதும், அது மட்டும் அமையவில்லை. நானாகத் தமிழை ஒழுங்காகப் படித்தது முப்பது வயதுக்கு மேல்.

போன மாதம் அண்ணாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவன் பேரப்பிள்ளைகளை லீவில் தஞ்சாவூர்ப் பக்கம் கூட்டிப்போக யோசிக்கிறானாம். அன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று, "அந்த ஓட்டுப் போட்டது ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தேன்.

"என்ன ஓட்டு?" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான். "எனக்கு அந்தப் பீரங்கிதான் ஞாபகம் இருக்கு. அப்பா எவ்வளவு சந்தோஷமா இருந்தார்! நம்ம வாழ்க்கையிலேயே நல்ல லீவு அதுதான், இல்லையா?"

"ஆமா" என்றேன்.